பச்சை எரியுது, நான் நல்லா இருக்கேன்

எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்புக்குத்தான் முதலிடம். வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அந்தப் பலகை காற்றில் கழன்று காவலாளியின் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு அதை இன்னும் பெரிய பலகையாகச் செய்து, அதே ஆணியில் மாட்டினார்கள்.

நான் அங்கே கருவிப் பிரிவில் டெக்னீஷியன். மீட்டர், சென்சார், ஒயர் இவற்றோடு குடும்பம் நடத்துகிறவன். இவற்றில் எனக்கு ரொம்ப நெருக்கமானது, ஆலையின் நடுவே ஒரு சின்ன அறையில் நிற்கும் ஆளுயர இரும்புப் பெட்டி. பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு என்று அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். குழாய்களில் அழுத்தம் எல்லை மீறினால் ஆலையை நிறுத்திவிடுவது அதன் வேலை. எங்கள் ஆலையில் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் ஒரே ஆசாமி அதுதான்.

பெட்டிக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் காலை அதற்குள் இருந்த கம்யூனிகேஷன் கார்டு செத்துப்போனது. பெட்டி என்ன நினைக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறையின் திரைக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் கார்டு அது. மூளைக்கு ஒன்றுமில்லை, வாய்தான் போயிற்று. நிறுத்த வேண்டிய நேரத்தில் ஆலையை நிறுத்திவிடும். ஆனால் அதற்கு முன் நெற்றியில் எரியும் பச்சை விளக்கை அணைத்து மஞ்சளைப் போட்டு ‘எனக்கென்னவோ சரியாகப் படவில்லை’ என்று முணுமுணுக்குமே, அது இனிக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது.

புதுக் கார்டு ஸ்டோரில் தயாராக இருந்தது. பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகி, திருகுகளை முறுக்கி, திரையில் பச்சை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆலையை நிறுத்தக்கூட வேண்டாம். ஊற்றிய டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஆகவே நான் குழுவிடம் அனுமதி கேட்கப் போனேன்.

பாதுகாப்பு மாற்றங்கள் பரிசீலனைக் குழு கூடும் அறைக்கு இரண்டு அவசர வழிகள். ஒன்றின் குறுக்கே பீரோ நிற்கிறது. இன்னொன்றின் குறுக்கே தலைவர் உட்கார்ந்திருக்கிறார்.

“கார்டை எடுக்கும்போது தொடர்பு அறுந்து போகுமா?” என்று கேட்டார் தலைவர்.

“ஒரு சில நிமிஷம் சார்.”

“ஒத்துக்க முடியாது.”

“சார், தொடர்பு ஏற்கெனவே அறுந்துதான் கிடக்கு.”

“அது தானா அறுந்தது தம்பி. நீங்க கையை வெச்சா நாம அறுத்ததா ஆயிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைக் காப்பாத்தத்தான் இந்தக் குழுவே இருக்கு.”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மாற்றலாமா என்று பார்க்க ஒரு துணைக்குழு, அது மாற்றலாம் என்று சொன்னால் எப்போது என்று பார்க்க இன்னொரு துணைக்குழு என்று முடிவாயிற்று.

“அதுவரைக்கும் என்ன சார் பண்றது?” என்றேன்.

அறை அமைதியாகிவிட்டது. எனக்கு ஒரு வியாதி. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் அமைதி விழுந்தால் தாங்காது. எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தாக வேண்டும். என் மனைவி இதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வைத்திருக்கிறாள்.

“அதுவரைக்கும் பெட்டி முன்னாடி ஒரு ஆளை உக்கார வெச்சு, ‘பச்சை எரியுது, பச்சை எரியுது’ன்னு கத்தச் சொல்லுங்க சார்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். குழுவின் செயலாளர் அம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தும்மினாலும் எழுதிக்கொள்வார் என்பதால் அவரை டேப் ரிக்கார்டர் என்போம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆள் நல்ல குரல்வளம் உள்ளவரா இருக்கணும்.”

“சார், நான் சும்மா…”

“சும்மா ஏன்? கௌரவமா ஒரு பேர் வெச்சே உக்கார வெப்போம்.”

சாயங்காலம் ஆணை வந்தது. பதவியின் பெயர், ‘தற்காலிக மனிதத் தொடர்புக் கூறு’. நியமிக்கப்பட்டவன் என் மச்சினன்.

மனைவியின் ஒரே தம்பி. ஸ்டோரில் ஒப்பந்த வேலை. நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தேன். அவன் குரல் அப்படி. தெருமுனையில் நின்று மகளைக் கூப்பிட்டால் அடுத்த தெருப் பிள்ளைகளும் ஓடிவந்து நிற்கும். ஆலை முழுக்கத் தேடியும் அந்தக் குரலை மிஞ்ச ஆள் கிடைக்கவில்லையாம்.

அன்றைக்கே பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

“உக்கார்ற வேலை மாமா! ஃபேன் வேற இருக்கு. கூட்டத்துல நீங்கதான் எடுத்துச் சொன்னீங்களாமே.”

“அப்படி ஒண்ணும் இல்ல மாப்ள…”

“பாருக்கா, எவ்வளவு அடக்கம்!”

என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் சில தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் பிஸ்கட்டைத் தின்றேன்.

மறுநாள் அவனைப் பொருத்தினார்கள். ‘பொருத்துதல்’ என்றுதான் ஆணையில் இருந்தது. பெட்டிக்கு எதிரே நாற்காலி. நாற்காலியின் கால்களைத் தரையோடு திருகி முடுக்கினார்கள், கூறு இடம்பெயரக் கூடாதல்லவா. பெட்டி அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டிக் காற்றழுத்த இயந்திரங்கள் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் கதவைத் திறந்துவைத்து இவன் கத்த வேண்டும். அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூம் அக்கா கேட்க வேண்டும்.

“ஒரு இன்டர்காம் வெச்சுடலாமே சார்” என்று நான் கெஞ்சிப் பார்த்தேன்.

“இன்டர்காமுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கணும்” என்றார் தலைவர். “மனுஷக் குரலுக்குச் சான்றிதழ் கேக்கணும்னு எந்த விதியும் இல்ல. தேடிப் பாத்துட்டோம்.”

கொடி காட்டலாமே என்றேன். கொடியின் நிறத்தை முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள்.

வெறுமனே பச்சை எரிகிறது என்றால் போதாது என்று அடுத்த கூட்டத்தில் கண்டுபிடித்தார்கள். நல்ல தொடர்புக் கூறு பெட்டியின் நிலையோடு தன் நிலையையும் சொல்ல வேண்டுமாம். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் அவன், “பச்சை எரியுது, நான் நல்லா இருக்கேன்” என்று கத்த வேண்டும். அக்கா “கேட்டது” என்று திருப்பிக் கத்த வேண்டும். ஒரு நிமிடம் சத்தம் வராவிட்டால் கூறு பழுது என்று பொருள். அக்கா உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆலையை நிறுத்தியாக வேண்டும். பழுதான கூறு உடனடியாக அப்புறப்படுத்தப்படும், திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது. இதுவும் விதி. எங்கள் ஆலை பகலில் மட்டும் ஓடுவதால் அவன் ராத்திரிகளில் மனிதனாக இருக்க அனுமதிக்கப்பட்டான்.

அவன் மூத்திரம் போகத் தோட்டக்காரர் வந்து மாற்றிவிடுவார். அவர் குரல் மெல்லிசு. அவர் கத்தும்போது அக்கா இரண்டு கையையும் காதருகே குவித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார். அதனால் ‘குறுகிய பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அவருக்கு ஒரு வரம்பு.

ஒருநாள் மச்சினன் “பச்சை எரி…” என்னும்போது தும்மல் வந்துவிட்டது. அக்காவின் விரல் பொத்தான்வரை போய்விட்டது. விசாரணை நடந்தது. தும்மல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று படம் வரைந்தார்கள். முடிவில் அறையிலிருந்த ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் நான் டீக்கடையில் நடித்துக் காட்டியிருக்கிறேன். நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எல்லோரும் வேலைக்குத் திரும்புவோம். தாழ்வாரத்தைக் கடக்கும்போது அவன் குரல் கேட்கும். முதலில் கொஞ்ச நாள் அது மணி மாதிரி இருந்தது. பிறகு ஓட்டை விழுந்த தகரம் மாதிரி ஆயிற்று. பிறகு நான் ஸ்டோருக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன்.

“என்னங்க, தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன்” என்றாள் மனைவி ஒருநாள். “பேசவே மாட்டேங்கிறான். எல்லாத்துக்கும் கையைக் காட்றான். பாப்பா கதை கேட்டு அழுவுது, இவன் தொண்டையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கத்தினா போன குரல் திரும்பாதாம்.”

“லீவு போடச் சொல்லேன்.”

“நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க அந்த வேலையை. நீங்களே போய்க் கேளுங்க.”

கேட்டேன். கூறுகளுக்கு விடுப்பு கிடையாது, பராமரிப்பு உண்டு என்றார்கள். மறுநாள் ஒருவர் வந்து அவனுக்குச் சுடுதண்ணீர் கொடுத்து, தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையின் மேல் ‘பராமரிக்கப்பட்டது’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். மச்சினன் அதைத் தடவிப் பார்த்து என்னிடம் சிரித்தான். அவனுக்கு இன்னமும் நான்தான் நல்லது செய்தவன்.

புதுக் கார்டைக் கையோடு எடுத்துக்கொண்டு மறுபடி குழுவின் முன் போய் நின்றேன்.

“தம்பி, நிலைமை மாறிடுச்சு” என்றார் தலைவர். “பழைய கார்டு வருஷத்துக்கு எத்தனை தடவை மக்கர் பண்ணிச்சு? உங்க மச்சினன் ஒரு தும்மலோட சரி. அவர் இப்ப நிரூபிக்கப்பட்ட கூறு. நீங்க கையில வெச்சிருக்கிற கார்டு நம்ம ஆலையில ஒரு நிமிஷம்கூட வேலை பாக்கல. நல்லா ஓடுற ஒண்ணை எடுத்துட்டு, பழக்கமில்லாத ஒண்ணை வைக்கச் சொல்றீங்களே, நீங்களெல்லாம் பாதுகாப்பைப் பத்தி என்னதான் படிச்சீங்க?”

“அவன் குரல் போயிட்டிருக்கு சார்.”

“நல்ல பாயிண்ட். குரல் தேய்மானத்தை அளக்க ஒரு துணைக்குழு போடலாம்.”

டேப் ரிக்கார்டர் எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் ஆலையில் பாதுகாப்பு தினம் வந்தது. அன்றைக்கு முக்கால்வாசிப் பேரைப் பந்தலில் உட்கார வைத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். மீதிக் கால்வாசி ஆட்கள் ஆலையை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். தலைவர் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டதும் நான் கார்டை எடுத்துக்கொண்டு பெட்டி அறைக்குப் போனேன். அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறந்தால் வேலை போய்விடும்.

மச்சினன் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தான். வாயைத் திறந்தவன், அடுத்த கத்தலுக்காகக் குரலைச் சேமித்துக்கொண்டு மூடிக்கொண்டான். பழைய கார்டை உருவினேன். புதியதைச் செருகினேன். அதன் முனையில் ஒரு குட்டி விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தது. பந்தலில் தலைவர், “விபத்து என்பது நம் அனுமதியில்லாமல் நடப்பது” என்று முழங்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டது.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். திரையில் பச்சை. எவ்வளவு நாளாயிற்று அதைப் பார்த்து! அக்காவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இனி அவன் கத்த வேண்டாம்.”

“கத்தலைன்னா நான் பொத்தானை அழுத்தணும் தம்பி.”

“அதான் திரையில தெரியுதே!”

“திரையை நம்பக் கூடாதுன்னு எழுத்துல குடுத்திருக்காங்க. காதைத்தான் நம்பணும். ரெண்டு பிள்ளைங்களை வெச்சிருக்கேன், என்னை வம்புல மாட்டாத.” சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டு மூடினார். “நான் எதையும் பாக்கல. நீ போய்க் குழுகிட்ட சொல்லிடு. உடனே நிறுத்திடலாம்.”

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே பந்தலுக்குப் போய் மைக்கைப் பிடுங்கியாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கேன்டீனுக்குப் போனேன். வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் தலைவர் ஊரில் இல்லை. அதற்கு மறுநாள் இருந்தார், ஆனால் கோபமாக இருந்தார். இப்படி நல்ல நாள் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் ஓடிற்று. பெட்டி தன் வாயால் பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டிருக்க, துண்டுக்கு அடியில் அது யாருக்கும் தெரியாமல் ஒளிர, அதற்கு எதிரே உட்கார்ந்து என் மச்சினன் மிச்சமிருந்த குரலையும் கிழித்துக்கொண்டிருந்தான். நான் குழுவிடம் சொன்னதும் கத்துவதை விட்டுவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள்கூடக் கேட்கவில்லை. நான் போனால், “பாத்து செய்யுங்க மாமா, உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துடாம” என்று காற்றால் பேசினான்.

பிறகு ஒரு மத்தியானம், நான் தாழ்வாரத்தில் ஒரு மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிடம் வந்தது. “பச்…” என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் காற்று. திரும்பிப் பார்த்தேன். அவன் கழுத்து நரம்பு புடைக்க வாயை அகலமாகத் திறந்து முயன்றுகொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை. எதிர்ப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பொத்தானின் மூடியைத் திறந்தார்.

ஆலை நின்றால் அவன் பழுதான கூறு. அப்புறப்படுத்திவிடுவார்கள்.

“பச்சை எரியுது! நான் நல்லா இருக்கேன்!” என்று கத்தினேன். என் ஆயுசில் அப்படிக் கத்தியதில்லை.

அக்காவின் விரல் நின்றது. “இது யாரு குரல்?” என்று திருப்பிக் கத்தினார்.

அங்கீகாரமற்ற குரல் தொடர்புப் பாதையில் நுழைந்தது பற்றி விசாரணை வைத்தார்கள். மச்சினனையும் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்டு போட்டதைச் சொன்னேன், ஒரு வாரம் மறைத்ததைச் சொன்னேன்.

“அவன் மேல எந்தத் தப்பும் இல்ல சார். அவன் அங்க உக்காந்ததே என்னாலதான். நான் அன்னிக்கு ஒரு ஜோக்குக்குச் சொன்னேன் சார்.”

“ஜோக்கா?” என்றார் தலைவர். அவர் முகத்தில் முதல்முறையாக நிஜமான கலவரம். “இந்தக் குழுவுலயா? அப்ப நாங்க எடுத்த தீர்மானம்? போட்ட துணைக்குழு? நாங்க என்ன, ஜோக்கையா தம்பி இத்தனை நாள் பாதுகாத்துக்கிட்டிருந்தோம்?”

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. ஜோக்கா மாமா?

தலைவர் சீக்கிரமே தேறிவிட்டார். “ஜோக் என்பதைக் குறிப்பிலிருந்து நீக்கிடுங்க” என்றார் டேப் ரிக்கார்டரிடம். பிறகு அறையைப் பார்த்துப் பேசினார்.

“கார்டு வேலை செய்யுது. அதைக் கழட்டினா தொடர்பு அறுந்து போகும், ஒத்துக்க முடியாது. ஆனா அனுமதி இல்லாம உள்ள வந்த கார்டு, அதை நம்பவும் முடியாது. ஆகவே கார்டு உண்மை பேசுதான்னு பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து உறுதி சொல்லணும். கார்டைப் பத்தித் தெரிஞ்ச ஆளா இருக்கணும். இவரை வேலையை விட்டு எடுத்தா இவர் செஞ்சதை நாம தெரிஞ்சுக்கிட்டதா ஆயிடும். அதனால இவரையே போட்டுடலாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சினனைத் திரும்ப ஸ்டோருக்கு அனுப்பினார்கள்.

இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஃபேன் கிடையாது. நிமிடத்துக்கொரு தடவை, “கார்டு பச்சைன்னு சொல்லுது, பச்சைதான் எரியுது, நான் நல்லா இருக்கேன்” என்று கத்துகிறேன். அவனுடையதைவிட நீளமான வாசகம். இதை யாரிடமும் நடித்துக் காட்டுவதில்லை. டீக்கடைக்காரர் ஒருநாள், “என்ன சார், இப்பல்லாம் கதையே சொல்றதில்ல?” என்று கேட்டார். தொண்டையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போன விடுமுறையில் மச்சினன் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகத் தயக்கம்தான். மனைவி, “வந்து உக்காருங்க, அவன் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கான்” என்று இழுத்துக்கொண்டு போனாள். அவனுக்குக் கொஞ்சம் குரல் வந்திருந்தது. காய்ந்த சருகை மிதித்தது போல ஒரு குரல். அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“மாப்ள, நான் அன்னிக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“விடுங்க மாமா” என்றான் அந்தச் சருகுக் குரலில். “யோசிச்சுப் பாத்தேன். நல்ல ஜோக்குதான்.”

அவன் மனைவி எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “நல்லா சாப்பிடுங்கண்ணா, இளைச்சுப் போயிட்டீங்க” என்றாள். நான் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

எதிரே மச்சினன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவன் கை அப்படியே நின்றது. கண் எதிர்ச்சுவரில் நிலைத்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு ஒன்றும் நடக்காதது போல அடுத்த கவளத்தை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதேபோல. அவனுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை, பழகிவிட்டது போலிருக்கிறது.

மகள் மட்டும் அவன் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் உதடு அசைந்து நின்றதும், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்:

“கேட்டுச்சுப்பா.”